சந்தடியற்ற சாலைகள்: கடலோரம் முதல் மலைமுகடு வரை மிதிவண்டியின் வழி

தியாகராய நகரில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்

பெரும்போக்குவரத்து வேறு தடத்திற்கு மாறிச் சென்ற பின்னரும் தன் பழைய அகலத்தையும் வளைவுகளையும் மரநிழலையும் இழக்காமல், ஓர் ஊரை அடுத்த ஊரோடு இணைக்கும் பணியைத் தொடர்ந்து செய்துவரும் சாலையே இச்சொற்பொழிவில் சந்தடியற்ற சாலை எனப்படுகிறது. தமிழ்நாட்டில் இத்தகைய சாலைகள் கடலோரத்திலிருந்து மலையடிவாரம் வரையிலும், அங்கிருந்து மலையின் மீதும், ஏறத்தாழ அறுபடாமல் தொடர்கின்றன. மிதிவண்டியில் நெடுந்தொலைவு செல்வோர் இவற்றைத் தேடிப் போவது இன்பத்திற்காகவே என்று கருதுவோர் உண்டு. இன்பம் உண்டுதான், அதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒரு சாலை ஏன் அமைதியாக இருக்கிறது, அது எவருடைய கால்களுக்கும் எந்த விலங்கின் இழுவைக்கும் ஏற்ப அமைக்கப்பட்டது, இன்னும் எத்தனை காலம் அவ்வாறே இருக்கும் என்னும் வினாக்களுக்கு மிதிவண்டிப் பயணம் தரும் விடைகள் வேறு எவ்வழியிலும் அத்துணைத் தெளிவாகக் கிடைப்பதில்லை. ஆதலால் இங்குப் பேசப்படுவது மிதிவண்டியைப் பற்றி எவ்வளவோ, அவ்வளவு சாலையைப் பற்றியும் ஆகும்.

சாலைகளின் தரவரிசையிலிருந்து தொடங்குவது தெளிவு தரும். 1943-ஆம் ஆண்டு டிசம்பரில் நாகபுரியில் கூடிய தலைமைப் பொறியாளர்கள் வகுத்த திட்டம், இந்தியச் சாலைகளைத் தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை, கிராமச் சாலை எனப் பிரித்தது. மாவட்டச் சாலைகள் முக்கியமானவை என்றும் இதர வகையின என்றும் மேலும் இரண்டாயின. இப்பகுப்பை அறிய வரைபடமும் தேவையில்லை. வழியோரத்துக் கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் அது தேசிய நெடுஞ்சாலை. பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. கறுப்பாகவோ நீலமாகவோ இருந்தால் மாவட்டச் சாலை அல்லது நகரச் சாலை. செம்மஞ்சளாக இருந்தால் 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கப்பெற்ற பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் அமைந்த சாலை. மஞ்சள் கல்லை விட்டு விலகி, பச்சைக் கல்லையும் கடந்து, கறுப்புக் கல்லோ செம்மஞ்சள் கல்லோ நிற்கும் வழியில் திரும்புவதே நெடும்பயணம் செல்லும் மிதிவண்டியாளர் கற்கும் முதற்பாடம்.

வழவழப்பான சாலை மோட்டார் வண்டி தந்த கொடை என்று பலரும் எண்ணுகின்றனர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. ஏறத்தாழ ஒரே அளவான இரண்டு சக்கரங்களும், பின்சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலியும் கொண்ட இன்றைய மிதிவண்டியின் மூல வடிவத்தை ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' என்னும் பெயரில் 1885-இல் உருவாக்கினார். 1888-இல் ஜான் பாய்டு டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். பிரிட்டனில் 1878-இலும் அமெரிக்காவில் 1880-இலும் தோன்றிய மிதிவண்டியாளர் சங்கங்கள் நல்ல சாலைக்காக அரசுகளிடம் முறையிடத் தொடங்கியபோது மோட்டார் கார் பொதுவழக்கிற்கு வந்திருக்கவில்லை. மிதிவண்டிக்காகக் கேட்டுப் பெற்ற சாலையில் பின்னர் மோட்டார் வந்து அமர்ந்தது என்பதே நிகழ்ந்தது.

தமிழகத்தின் பழைய வழிகளோ இதற்கும் முந்தியவை. தலைச்சுமையோடு நடப்பவர் பிறர் துணையின்றிச் சுமையை இறக்கி வைக்கவும் மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் வசதியான உயரத்தில், இரண்டு கற்களை நட்டு அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்திய சுமைதாங்கிகள் இன்றும் பல ஊர்ச் சாலைகளின் ஓரத்தில் நிற்கின்றன. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கமாக இருந்தது. இராமேசுவர யாத்திரை வழியில் தஞ்சை மராட்டிய மன்னர்கள் கட்டிய சத்திரங்களும், கோடைக்காலத் தண்ணீர்ப் பந்தல்களும், சாலையின் இருமருங்கிலும் வைத்த புளியமரங்களும் நடப்பவரின் களைப்பை அளவாகக் கொண்டு அமைந்தவை. நடப்பவர் ஒரு நாளில் கடந்த தொலைவை மிதிவண்டி இரண்டு மணி நேரத்தில் கடக்கிறது. ஆகவே பழைய வழியில் செல்லும் மிதிவண்டியாளருக்கு நீரும் நிழலும் உணவும் தேவைப்படும் நேரத்திற்கு முன்பாகவே எதிர்ப்படுகின்றன. ஊர்களைத் தவிர்ப்பதற்கென்றே போடப்படும் புறவழிச்சாலையில் இவை எதிர்ப்படுவதில்லை. இந்த வேறுபாட்டைக் காரில் செல்பவர் உணர வாய்ப்பில்லை; மே மாதத்துப் பகல் பதினொரு மணிக்கு மிதிவண்டியில் செல்பவர் உணராமல் இருக்கவும் இயலாது.

இச்சொற்பொழிவு நிகழும் தியாகராய நகர், தண்ணீரால் மட்டம் பார்க்கப்பட்ட நிலம். நுங்கம்பாக்கம், மாம்பலம் பகுதிகளை ஒட்டி நீண்டு கிடந்த பெரிய ஏரியின் நீரை 1920-களில் வடித்து, அப்படுகையில் இக்குடியிருப்பை அமைத்து, நீதிக்கட்சியின் தலைவர்களுள் ஒருவரான சர் பிட்டி தியாகராயரின் பெயரை இட்டனர். ஏரிப்படுகைக்கு மேடு பள்ளம் இல்லை. பனகல் பூங்காவிலிருந்து அடையாறு வரையிலும், அங்கிருந்து பெசன்ட் நகர், திருவான்மியூர் வரையிலும் செல்லும் மிதிவண்டிக்கு ஏற்றம் என்று சொல்லத்தக்கவை பாலங்கள் மட்டுமே. இந்த மட்டத்தையே நம்பி, வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலையை அடுத்த சமவெளியில் பெரும்பாக்கம் குன்றை நோக்கி ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். இந்தியா முழுமைக்குமான மாபெரும் முக்கோண அளவைக்கு அதுவே முதற்கோடு. அக்காலத்தில் சாலைகளை அளக்கச் சங்கிலியோடு, சுற்றுகளை எண்ணும் தள்ளுசக்கரமும் பயன்பட்டது. மிதிவண்டியின் சக்கரம் ஒருமுறை சுழன்றால் ஏறத்தாழ 2.1 மீட்டர் நகர்கிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 476 சுற்றுகள். நிலத்தை இவ்வாறு தொட்டுத் தொட்டு அளக்கும் ஊர்தி வேறில்லை என்பதால், மூன்று மீட்டர் உயர வேறுபாட்டையும் அது ஓட்டுபவரின் தொடைக்குத் தெரிவித்துவிடுகிறது.

சென்னையிலிருந்து புறப்படுவோருக்குக் கடலோரமே முதல் வழி. கிழக்குக் கடற்கரைச் சாலை என்று இன்று அழைக்கப்படுவது ஒரே காலத்தில் திட்டமிட்டுப் போடப்பட்ட சாலை அன்று. மீனவர் குப்பங்களையும் சிற்றூர்களையும் இணைத்த சிறு சாலைகளை ஒன்றோடொன்று தொடுத்து, சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே 2002-இல் சுங்கச் சாலையாக மேம்படுத்தினர். முட்டுக்காட்டுக் கழிமுகம், கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம், கடப்பாக்கத்தை அடுத்த ஆலம்பரைக் கோட்டை, மரக்காணத்தின் உப்பளங்கள், 2021-இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பெற்ற கழுவேலி என்று ஒரு நாளில் காணத்தக்கவை இவ்வழியில் அடுத்தடுத்து வருகின்றன. பக்கிங்காம் கால்வாய் நெடுந்தொலைவு உடன் வருகிறது. 1877–78 பஞ்சத்தின்போது கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டிப் பஞ்சத்தில் அடிபட்ட மக்களுக்கு வேலை தந்தனர் என்பதும், அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரே அதற்கு வழங்கிற்று என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கன. ஆனால் மாமல்லபுரம் வரை இச்சாலை நான்கு வழியாகிவிட்டது. அதற்குத் தெற்கேயும் நான்கு வழியாக்கும் பணி நடைபெறுகிறது. ஞாயிற்றுக்கிழமை விடியலுக்கு முன் இருட்டில் ஒளிரும் சிவப்பு விளக்குகளோடு நகரத்தின் மிதிவண்டியாளர்கள் இன்றும் இச்சாலையில் திரளுகின்றனர். எட்டு மணிக்குப் பிறகு அவர்களுக்கு அங்கு இடமில்லை. சந்தடியற்ற சாலை ஒரு தலைமுறைக்குள் எவ்வாறு சந்தடி மிக்கதாகிறது என்பதற்கு இதைவிட அருகில் வேறு சான்று வேண்டியதில்லை.

கடலோரப் பயணத்தில் மேடு இல்லாததால் வேலை எளிது என்று கருதுவது பிழை. அங்கு மேட்டின் இடத்தைக் காற்று எடுத்துக்கொள்கிறது. வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும் திசைக்கொரு பெயரிட்டுத் தமிழ் வழங்கிற்று. மேற்குக் காற்றைக் கச்சான் என்று கரையோர மக்கள் இன்றும் சொல்கின்றனர். பாய்மரத்தை நம்பியவருக்குத் திசையறிவு உயிர்நாடி என்பதால் அப்பெயர்கள் கடற்கரையில் நிலைத்தன. மிதிவண்டிக்கும் அவ்வறிவு வேண்டும். தை, மாசி மாதங்களில் சென்னையிலிருந்து தெற்கே செல்பவருக்கு வடகிழக்குக் காற்று முதுகைத் தள்ளித் துணைசெய்கிறது. திரும்பி வருபவருக்கு அதுவே எதிர்க்காற்று. ஆனி, ஆடியில் காலைநேரத்துக் கோடைக்காற்று தரையிலிருந்து வெப்பத்தைச் சுமந்து வருகிறது. நண்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே நுழைந்தபின் திசை மாறுகிறது. காலையில் பக்கத்திலிருந்து அறைந்த காற்று மாலையில் மறுபக்கத்திலிருந்து அறைவதற்குக் காரணம் இதுவே.

காற்றின் கணக்கைச் சற்று விரித்துரைப்பது தகும், ஏனெனில் தொடக்கநிலையில் உள்ளவர்கள் தளர்ந்துபோவது பெரும்பாலும் இதை அறியாமையால்தான். காற்றுத் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. அதை வெல்ல ஆற்றலைச் செலவிடும் வீதமோ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. காற்றில்லாத சமவெளியில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் நிமிர்ந்து அமர்ந்து செல்லும் ஒருவருக்கு ஏறத்தாழ 110 வாட் தேவைப்படுகிறது. வாட் என்பது வேலை நிகழும் வேகத்தின் அலகு, வீட்டுக் கூரையில் தொங்கும் மின்விசிறி 75 வாட் அளவில் இயங்குகிறது. மணிக்கு 15 கிலோமீட்டர் எதிர்க்காற்று வீசினால், அதே 110 வாட் உழைப்பு அவரை மணிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் வேகத்தில்தான் கொண்டு செல்லும். பழைய வேகத்தையே பிடிக்க முயன்றால் உழைப்பு இருமடங்கைத் தாண்டிவிடும். எதிர்க்காற்றில் வேகத்தை மறந்து, உழைப்பை ஒரே அளவில் வைத்திருப்பதே அறிவுடைமை.

தெற்கே செல்லச் செல்லக் கடலோரம் தனிமையை மீட்டுக்கொள்கிறது. 1964-ஆம் ஆண்டுப் புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனை வரை 2017-இல் திறக்கப்பட்ட சாலையில், ஒருபுறம் வங்கக்கடலும் மறுபுறம் மன்னார் வளைகுடாவும் இருக்க, காற்றைத் தவிர வேறு ஓசையில்லாத விடியற்பொழுது கிடைக்கிறது. சுற்றுலா வண்டிகள் வரத் தொடங்கும் முன் திரும்பிவிட வேண்டும். பாக் நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் துவிச்சக்கரவண்டி என எழுத்து வழக்கில் குறிக்கப்படும் இவ்வூர்தி, போர்க்காலத்து எரிபொருள் தடையின்போது ஒரு குடாநாட்டின் போக்குவரத்து முழுவதையும் தாங்கிற்று. அவ்வரலாறு தனியே ஒரு சொற்பொழிவிற்கு உரியது.

கடலிலிருந்து மலைக்குச் செல்லும் வழிகளுள் சென்னையாருக்கு மிக ஏற்றதாக ஒன்றைச் சொல்லவேண்டுமாயின், அது மாமல்லபுரத்தில் கடலுக்கு முதுகு காட்டித் திரும்பும் வழியே. திருக்கழுக்குன்றம், மதுராந்தகம் ஏரிக்கரை, 1760 ஜனவரியில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் பெரும்போர் நிகழ்ந்த வந்தவாசி, சேத்துப்பட்டு ஆகிய ஊர்கள் வழியாகப் போளூரை அடைந்து, அங்கிருந்து ஜவ்வாது மலையில் உள்ள ஜமுனாமரத்தூருக்கு ஏறலாம். போளூர் வரை ஏறத்தாழ 200 கிலோமீட்டர். இரண்டு நாளில் செல்வது முறை. நெய்தல் நிலத்தில் தொடங்கி, ஏரிப்பாசன மருதத்தைக் கடந்து, குறிஞ்சியில் முடியும் இவ்வழியில் நிலத்தின் மாற்றம் எந்த இடத்திலும் வெட்டுக்கோடு போல் நிகழ்வதில்லை. சவுக்குத் தோப்பு குறைந்து நெல் வயல் பெருகுவதும், வயல் குறைந்து மணிலாப் பயிர் பெருகுவதும், பாறைக்குன்றுகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டுவதும் மணிக்கணக்கில் நிகழ்வன. திணைப்பகுப்பை ஏட்டில் தனித்தனி அறைகளாகப் படித்தவர், ஒன்று மற்றொன்றில் கலக்கும் விளிம்புகளை இங்குக் காண்பர். அவ்விளிம்புகளே இப்பயணத்தின் பெரும்பகுதி.

ஜவ்வாது மலை சாமை விளையும் மலை. மலையாளி என்னும் பழங்குடியினரின் வாழிடம். ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் உள்ள காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் உள்ளது. 1986-இல் அங்குத் திறக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி இந்தியாவிலேயே வடிவமைத்து உருவாக்கப்பட்டது. நகர ஒளி எட்டாத இருளுக்காக வானியலார் தேர்ந்த இடமும், நகர ஓசை எட்டாத அமைதிக்காக மிதிவண்டியாளர் தேர்ந்த இடமும் ஒன்றாக இருப்பதில் வியப்பில்லை. இதற்கு அருகில், சோலையார்பேட்டையை அடுத்த ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் ஆகியோரின் பெயர்களை இட்டுள்ளனர். காரில் ஏறுபவர் ஓரிரு பெயர்களைப் படிப்பார். மிதிவண்டியில் ஏறுபவருக்குப் பதினான்கும் மனப்பாடமாகிவிடும்.

மலையேற்றத்தில் சரிவு என்பது கிடைத்தொலைவு நூறு மீட்டருக்கு எத்தனை மீட்டர் உயர்கிறது என்னும் விழுக்காடு. 1934-இல் நிறுவப்பெற்ற இந்தியச் சாலைக் காங்கிரஸ், சமவெளிச் சாலைக்கு 3.3 விழுக்காட்டையும், மலைச் சாலைக்கு 5 விழுக்காட்டையும் இயல்பான உச்ச அளவாக வகுத்துள்ளது. தவிர்க்க இயலாத இடங்களில் 7 விழுக்காடு வரை இசைவு உண்டு. இவ்வளவுகள் காகிதத்தில் தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டிற்கு முன்பே, மாட்டுவண்டி அதே அளவை வகுத்துவிட்டது. 1819-இல் நீலகிரிக்கு ஏறிய கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவனின் முயற்சியால் 1820-களின் தொடக்கத்தில் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் வெட்டப்பட்டது குதிரையும் சுமைமாடும் ஏறும் ஒற்றைத் தடம். பின்னர் வண்டி மாடுகள் பாரத்தோடு ஏறவேண்டிய நிலை வந்தபோது தடங்கள் மலையைச் சுற்றிச் சுற்றி நீண்டன. மாட்டின் மூச்சே சரிவைத் தணித்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வரையிலான இன்றைய 33 கிலோமீட்டர் சாலை ஏறத்தாழ 1,460 மீட்டர் உயர்கிறது, சராசரி 4.4 விழுக்காடு. வண்டி மாட்டிற்கு இரங்கிய அளவு மிதிவண்டியாளரின் காலுக்கும் பொருந்துவது தற்செயலாகாது. இரண்டும் தசையால் இயங்குபவை.

இந்த ஏற்றத்தைக் கணக்கிட்டால், ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ எனக் கொண்டு, முன்சொன்ன 110 வாட் உழைப்பில் கோத்தகிரியை அடைய மூன்றேகால் மணி நேரம் ஆகும். சமவெளியில் 25 கிலோமீட்டர் தந்த அதே உழைப்பு இங்கு மணிக்கு 10 கிலோமீட்டரைத் தருகிறது. அவ்வேகத்தில் கால் எத்தனை முறை சுழலவேண்டும் என்பதைப் பற்சக்கரங்கள் முடிவு செய்கின்றன. பெடலோடு சுழலும் முன்பல்சக்கரத்தில் 44 பல்லும் பின்சக்கரத்துப் பிரீவீலில் 18 பல்லும் உள்ள பழைய உயர்ந்த சைக்கிளில், பெடல் ஒருமுறை சுழன்றால் வண்டி ஐந்தரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகரும். ஆகவே நிமிடத்திற்கு 31 சுழற்சிதான் கிட்டும், ஒவ்வொரு மிதியும் முழங்காலை நெருக்கும். முன்னும் பின்னும் 34 பற்களாக மாற்றிக்கொள்ளத்தக்க கியர் வண்டியில் ஒரு சுழற்சிக்கு 2.1 மீட்டர், நிமிடத்திற்கு 80 சுழற்சி, மிதி இலேசாகும். ஏற வேண்டிய உயரத்தில் குறைவில்லை; அதைச் சிறு சிறு மிதிகளாகப் பகுத்துத் தருவதே கியர் செய்யும் வேலை. பிரான்சின் சேன்-தெத்தியேன் நகரத்துப் பால் தெ விவி மலைப்பயணத்திற்காக இக்கருவியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வலியுறுத்தி வந்தார். டூர் த பிரான்ஸ் போட்டி நடத்தியவர்களோ 1937 வரை போட்டியாளர்களுக்குச் சங்கிலி மாற்றும் கியரை அனுமதிக்கவில்லை. வலிமையைக் காட்டும் களத்தை விட, நிலத்தைக் காணப் புறப்பட்ட பயணமே நல்ல கருவியை முதலில் ஏற்றுக்கொண்டது.

இறக்கம் ஓய்வு அன்று. பிரேக் கட்டையைத் தொடர்ந்து அழுத்திப் பிடித்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும் இடர் உண்டு. வளைவிற்கு முன்பே விட்டுவிட்டுப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவிற்குள் பிரேக்கைத் தொடாமல் செல்வதே பாதுகாப்பு. புறப்படும் முன் சக்கரத்தின் கோட்டத்தை எடுத்துச் சரிசெய்யும் ஊர்ச் சைக்கிள் கடைக்காரர் இவ்விடத்தில் நன்றியோடு நினைக்கப்பட வேண்டியவர். மசினகுடியிலிருந்து உதகைக்குக் கல்லட்டி வழியாக ஏறும் 36 கொண்டை ஊசி வளைவுகள் தமிழ்நாட்டின் மிகக் கடுமையான ஏற்றங்களுள் ஒன்று; 2008-இல் தொடங்கிய 'டூர் ஆஃப் நீலகிரிஸ்' பயணம் அதற்குப் புகழ் தேடித் தந்தது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவுகள், கொல்லிமலைக்கு 70. முதுமலை போன்ற காட்டுவழிகளில் யானைக்கே முன்னுரிமை. விடியலிலும் அந்தியிலும் அங்கு மிதிவண்டி செல்லலாகாது என்பதில் விவாதத்திற்கு இடமில்லை.

நெடுந்தொலைவுப் பயணத்திற்கு ஓர் ஒழுங்கும் உலகில் உண்டு. 1904-இல் தோன்றிய ஓடாக்ஸ் கிளப் பாரிசியன் என்னும் பிரெஞ்சுக் கழகத்தின் விதிகளைப் பின்பற்றி, 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்திலும், 300 கிலோமீட்டரை 20 மணி நேரத்திலும், 400-ஐ 27 மணி நேரத்திலும், 600-ஐ 40 மணி நேரத்திலும் முடிக்கும் 'பிரவே' பயணங்களைச் சென்னையில் மெட்ராஸ் ரேண்டனர்ஸ் குழுவினர் நடத்துகின்றனர். இது போட்டியன்று; முதலில் வந்தவர், கடைசியில் வந்தவர் என்ற வேறுபாடு இல்லை. வெளித்துணை இன்றித் தன் பழுதைத் தானே சரிசெய்துகொண்டு உரிய நேரத்தில் வரவேண்டும் என்பது மட்டுமே விதி. பாராட்டத்தக்க ஒழுக்கம் இது. எனினும் நேரக்கணக்கின் நெருக்கடியால் இப்பயணங்களுள் பலவும் மஞ்சள் கல் சாலைகளையே நாடுவது ஒரு குறை.

மிதிவண்டிப் பயணம் வசதி படைத்தோரின் விடுமுறைப் பொழுதுபோக்கு என்னும் கருத்து நகரத்தில் வேரூன்றி வருகிறது. அதற்கு மறுமொழி புதுக்கோட்டையில் உள்ளது. 1990-களின் தொடக்கத்தில் அம்மாவட்டத்தில் நிகழ்ந்த அறிவொளி இயக்கத்தில், அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முனைப்பால், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுதலும் பாடமாகச் சேர்க்கப்பட்டது. கல்லுடைக்கும் பெண்களும், வயல்வேலை செய்யும் பெண்களும், கிராமத்துச் செவிலியரும், அங்கன்வாடிப் பணியாளர்களும், பள்ளி மாணவியரும் ஊர்த்திடல்களிலும் கண்மாய்க்கரைகளிலும் கற்றனர். 1992-இல் மகளிர் தினத்தை ஒட்டி ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியொலித்துப் புதுக்கோட்டை நகரத்தில் ஊர்வலம் சென்றனர். பொதுவிழாக்களில் எழுபதாயிரத்திற்கும் மேற்பட்ட பெண்கள் தம் திறனைக் காட்டினர் என்று இதழாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். பெண்களுக்கான வண்டி கிடைக்காதபோது ஆண்களின் சைக்கிளையே, இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையே ஓடும் குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்தும் வசதி கருதி, விரும்பி ஏற்றவர்களும் உண்டு. பேருந்துக்குக் காத்திருந்த நேரமும், தந்தைக்கோ கணவனுக்கோ காத்திருந்த நேரமும் அவர்களுக்கு மிஞ்சின.

இந்நிகழ்வில் பெரிதும் பேசப்படாத ஒன்று, அப்பெண்கள் எந்தச் சாலையில் ஓட்டினர் என்பது. லாரி செல்லும் நெடுஞ்சாலையில் ஒருவர் முதன்முதலாகச் சைக்கிள் கற்க இயலாது; ஊரிலிருந்து ஊருக்குச் செல்லும் ஒடுங்கிய, மெதுவான சாலைகள் இருந்ததனாலேயே அக்கல்வி கூடிற்று. 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்குத் தொடங்கிப் பின்னர்ப் பிறருக்கும் விரிவாக்கப்பட்ட, பதினோராம் வகுப்பு மாணவருக்கான அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டமும் அச்சாலைகளையே நம்பி நிற்கிறது. வண்டியை அரசு தருகிறது. அது பாதுகாப்பாகச் செல்லும் சாலையை அகலப்படுத்தும் திட்டம் ஒன்று எடுத்துக்கொண்டுவிட்டால், அவ்வண்டி வீட்டுத் திண்ணையில் சாய்ந்து நிற்கும். கியர் வண்டியில் ஜவ்வாது மலைக்குச் செல்லும் நகரத்தாருக்கும், பள்ளிக்குச் செல்லும் மாணவிக்கும் தேவை ஒன்றே. ஆகவே இவ்விரு சாராரும் ஒரே கோரிக்கையை முன்வைக்கத் தகுதியுடையவர்கள். நகரத்தார் அதைத் தம் பொழுதுபோக்கின் பெயரால் கேளாமல் அம்மாணவியின் பெயரால் கேட்க வேண்டும்.

இழப்பு எவ்வாறு நிகழ்கிறது என்பதும் தெளிவாகத் தெரிந்ததே. ஒரு மாவட்டச் சாலை மாநில நெடுஞ்சாலையாகத் தரம் உயர்த்தப்படுகிறது, ஒரு வழி இரண்டாகிறது, வளைவுகள் நேராக்கப்படுகின்றன, இருமருங்கும் நின்ற புளியமரங்கள் வெட்டப்படுகின்றன, வேகம் கூடுகிறது, நடப்பவரும் மிதிப்பவரும் மண்ணோரத்திற்குத் தள்ளப்படுகின்றனர். அகலப்படுத்த வேண்டிய சாலைகள் உண்டு. மருத்துவமனைக்கு விரையும் வண்டிக்கும் விளைபொருள் ஏற்றிய லாரிக்கும் நல்ல சாலை வேண்டும் என்பதை எவரும் மறுக்கவில்லை. புறவழிச்சாலை போடப்பட்டபின் எஞ்சிய பழைய சாலையையும் அகலப்படுத்துவதற்குத்தான் காரணம் விளங்கவில்லை. சென்னையிலேயே, பாண்டி பஜாரின் தியாகராய சாலையில் 2019-இல் நடைபாதையை விரித்து வண்டித்தடத்தைக் குறுக்கியபோது வணிகம் அழிந்துவிடவில்லை. சாலையை மனிதரின் வேகத்திற்குத் திருப்பித் தர முடியும் என்பதற்கு இந்நகர் மக்களின் கண்முன்னே சான்று இருக்கிறது.

நெடுஞ்சாலைத் துறை, புறவழிச்சாலைகளால் விடுவிக்கப்பட்ட பழைய சாலைப் பகுதிகளையும், ஏரிக்கரை, கால்வாய்க்கரைச் சாலைகளையும் மாவட்டவாரியாகப் பதிவேட்டில் ஏற்றி, அவற்றில் அகலத்தைக் கூட்டாமலும் மரங்களை வெட்டாமலும் பராமரிப்பை மட்டும் மேற்கொள்ள வேண்டும் என்பதே இச்சொற்பொழிவின் வேண்டுகோள். அரசு முன்வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டிற்கு ஆறு முறை கூடுகிறது. இச்சாலைகளை நன்கறிந்த மிதிவண்டியாளர்கள் தாம் அடிக்கடி கடந்து செல்லும் ஊர் ஒன்றின் மக்களோடு முன்னதாகப் பேசி, சாலையோரத்து மரங்களையும் சுமைதாங்கியையும் எண்ணிப் பட்டியலாக எழுதிக் கொடுத்து, அவ்வூரார் அதை அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக வைக்கத் துணைநிற்க வேண்டும்.